பார்க்காமல் கொடுத்த களிம்பு

அந்த அம்மா கட்டிய மூட்டையை வேறு யாராலும் அவிழ்க்க முடியாது. நான் ஒரு முறை முயன்றேன், நகம் பிய்ந்ததுதான் மிச்சம். துணியின் நான்கு முனைகளையும் எதிரெதிராகப் பிடித்து, ஒரு முட்டியை மூட்டையின் மேல் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பார். துணி நறுக்கென்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் வந்த பிறகுதான் கையை எடுப்பார்.

திருத்தணி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எல்லாரும் அவரை மூட்டைக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். அவருக்குப் பெயர் உண்டு. உங்கள் அம்மாவுக்குத் தெரியும். பெயர் போட்டு எழுத வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள், அதுவும் சரிதான். பெரியவளே, நீ அப்போது கைக்குழந்தை. சின்னவன் பிறக்கவே இல்லை. அதனால் உங்கள் இரண்டு பேருக்கும் அவரைத் தெரியாது. தெரியாமலே இருந்துவிடட்டும் என்று பல வருஷம் இருந்துவிட்டேன். போன வாரம் சின்னவன் காலில் ஏதோ தடிப்பு என்று, வீட்டில் கிடந்த ஒரு களிம்பை எடுத்து அவனாகவே தடவிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அவருக்கு ஊர் அம்மையார்குப்பம். தறிக்காரர்களிடம் சேலை, லுங்கி, துண்டு எடுத்து, தானே தைத்த உள்பாவாடைகளையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வாரத்தில் இரண்டு நாள் காலை பஸ்ஸில் வருவார். தெருத் தெருவாக நடந்து விற்றுவிட்டு சாயங்கால பஸ்ஸில் போவார். ஐம்பதை ஒட்டிய வயது. ஒல்லியான உடம்பு. பேச்சில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் நைனாதான். கண்டக்டரும் நைனா, போலீஸ்காரரும் நைனா, நானும் நைனா.

ஒரு ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், காவடிக் கூட்டத்தில் பஸ் பிதுங்கி வழிந்தது. கண்டக்டர் கடுப்பில் அவருடைய மூட்டையைப் பின்படியிலிருந்து காலால் தள்ளிவிட்டார். அது உருண்டு வந்து டீக்கடை பெஞ்சில் முட்டி நின்றது. ஒரு துண்டுகூட வெளியே எட்டிப் பார்க்கவில்லை. அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“இன்னொரு தபா தள்ளு நைனா, நானும் பாக்கறேன். என் வூட்டுக்காரன் கட்ன முடிச்சுன்னா அவுத்துகினு நகரிக்கு ஓடிப்பூடும். இது நான் கட்னது.”

அவர் புருஷன் அவரை விட்டுவிட்டு நகரியில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டது பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்த விஷயம். வேறு யாரும் அதை எடுத்துப் பேசுவதற்கு முன்னால் அவரே சொல்லிச் சிரித்துவிடுவார். அன்றைக்கு அந்தக் கண்டக்டரே இறங்கி வந்து மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டார்.

மூட்டையைக் கட்டுகிற மாதிரியேதான் தன்னையும் கட்டிக்கொள்வார். முந்தானை, கொண்டை, பாவாடை நாடா எல்லாமே இறுக்கம்தான். அதற்குக் காரணமும் இருந்தது. பஸ்ஸில் ஏறும்போது ஒரு கை மூட்டையில் இருக்கும், ஒரு கை கம்பியில் இருக்கும். சேலை நழுவினால் பிடிப்பதற்கு மூன்றாவது கை கிடையாது. நாள் முழுக்கத் தலைச்சுமையோடு நடக்கிற பெண் தெருவில் நின்று புடவையைச் சரிசெய்துகொண்டிருக்கவும் முடியாது. முப்பது வருஷமாக அவருடைய இடுப்பில் ஒரே இடத்தில் மெல்லிசான நூல்நாடா ஒன்று இறுகிக் கிடந்தது. பாவாடை வாங்குகிற பெண்களிடம் அவர் சொல்வதை உங்கள் அம்மா எனக்குச் சொல்லிக் காட்டியிருக்கிறாள்.

“நாடாத் தழும்பு இல்லாத இடுப்பு இன்னா இடுப்பு? அது வேல செய்யாத இடுப்பு.”

இனி நான் யாராக இருந்தேன் என்று சொல்ல வேண்டும்.

அப்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தேன். அந்தக் கடை இப்போது இல்லை. பத்தாவது படித்தவன் நான். லைசென்ஸ் ஒருத்தர் பெயரில், முதலாளி வேறொருத்தர், கவுண்டரில் நிற்பது நான். டாக்டர்கள் எழுதுகிற சீட்டைப் பார்த்துப் பார்த்து, எந்த வியாதிக்கு எது என்று மனசில் ஏறிவிட்டது. சீட்டு இல்லாமல் வருகிறவர்களுக்கும் நானே எடுத்துக் கொடுக்கத் தொடங்கினேன். “டாக்டரே, ஜொரத்துக்கு எதுனா குடு” என்பார்கள். டாக்டரே என்று கூப்பிட்டால் எனக்கு உள்ளே குளிரும். இதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அரிப்பு, படை, புண் எது என்று சொன்னாலும் நான் ஒரே களிம்பைத்தான் கொடுப்பேன். அதில் மூன்று நான்கு மருந்து கலந்திருக்கும். அதில் ஒன்று அரிப்பையும் சிவப்பையும் சட்டென்று அமுக்கிவிடும். வியாதி இருந்த இடத்தில் இருக்கும், தொந்தரவு மட்டும் தூங்கிப்போகும். போட்டவர்கள் குணமாகிவிட்டது என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூட்டைக்காரம்மா முதல் தடவை வந்தபோது, நாடா கட்டுகிற இடத்தில் அரிப்பு என்றார். களிம்பைக் கொடுத்தேன். அடுத்த வாரம் சிரித்துக்கொண்டே வந்தார்.

“கைராசிக்காரன்டா நீ நைனா. எத்தினி நாளு தேங்காண்ண தடவினேன், மஞ்சா தடவினேன், ஒன்னும் கேக்கல. உன்து போட்ட மறுநாளே நின்னுபூச்சு.”

அதற்கப்புறம் என் பெயர் அம்மையார்குப்பம் வரைக்கும் போனது. பள்ளிப்பட்டு பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள்கூட “மூட்டைக்காரம்மா சொன்னாங்க” என்று கடைக்கு வந்தார்கள். அவரும் பத்து நாளைக்கு ஒரு களிம்பு வாங்கிப்போனார். மத்தியானம் சாப்பிடப் போகும்போது மூட்டையைக் கடைக்குள் ஒரு மூலையில் வைத்துவிட்டுப் போவார். ஓர் ஆளுக்குப் பத்து நாளைக்கு ஒரு களிம்பு ஏன் தேவைப்படுகிறது என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை.

எட்டு மாசம் இருக்கும். ஒரு நாள் கடையில் மூன்று நான்கு ஆண்கள் நின்றிருந்தார்கள். அவர் வந்து கவுண்டர் ஓரமாகச் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“நைனா, ஒரு வாட்டி பாத்து சொல்றியா? அந்த எடம் தடிச்சி மொத்தமா ஆயிட்டுகீது. ஓரமெல்லாம் கெட்டியா, உப்பலா கீது. நடுவுல ஒரு புண்ணு, ஆறவே மாட்டேங்குது.”

அந்த அம்மா யாரிடமும் எதையும் கேட்கிறவர் இல்லை. மூட்டையைத் தூக்கிவிடு என்றுகூடக் கேட்கமாட்டார். அப்படிப்பட்டவர் கேட்டார். நான் கூச்சத்தில், பக்கத்தில் நிற்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று, சத்தமாகவே சொன்னேன்.

“ஐய, இன்னாம்மா நீ? நான் இன்னா பொம்பள டாக்டரா? கடையில நின்னுகினு இதெல்லாம் அவுத்துக் காட்றேன்ற.”

நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தர், “காட்னா பாத்துக்கோயேன் டாக்டரே” என்றார். நானும் சிரித்தேன். அந்த அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையை இழுத்து இடுப்பைச் சுற்றி இன்னும் ஒரு சுற்றுச் செருகிக்கொண்டார்.

“சரி, வுடு நைனா. களிம்பே குடு.”

கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்க்கச் சொல்லவே இல்லை.

சில மாசத்தில் களிம்போடு பஞ்சும் பிளாஸ்திரியும் வாங்க ஆரம்பித்தார். பஞ்சு எதற்கு என்று நான் கேட்கவில்லை. எடுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். அப்புறம் ஒரு நாள், அவர் நிழலுக்காகக் கடைக்குள் ஒதுங்கி நின்றபோது ஒரு வாடை வந்தது. ஆறாத புண்ணின் வாடை. மருந்துக் கடைக்காரனுக்கு அது என்னவென்று தெரியாமல் போகாது. எனக்குத் தெரிந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன், ஆனால் வேறொன்றைச் சொன்னேன்.

“அம்மா, இனிமேட்டு மூட்டைய உள்ள வெக்காத. ஓனர் சத்தம் போட்றாரு.”

முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அந்த மூட்டை அங்கே இருப்பதே தெரியாது. வாடை பொறுக்காமல் நான் சொன்ன பொய் அது. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்காக வருத்தப்பட்டார்.

“உன் மேல இன்னா தப்பு? வேலைக்கு நிக்கறவன் நீ. சொன்னா செய்யத்தான் வேணும்.”

மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் போய் நின்றார். பிள்ளைகளா, நான் உங்களை அடித்ததற்காக வருத்தப்பட்டிருக்கிறேன், உங்கள் அம்மாவைத் திட்டியதற்காக வருத்தப்பட்டிருக்கிறேன். அதெல்லாம் இரண்டு நாளில் போய்விட்டது. அந்த அம்மா வெயிலில் நின்றது போகவில்லை.

அப்போது ரயில் ஸ்டேஷன் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். மூட்டைக்காரம்மா அங்கேயும் வருவார். ஒரு நாள் உங்கள் அம்மா பாவாடை வாங்கினாள். விலை பேசி முடித்து அவர் எழுந்தபோது, உட்கார்ந்திருந்த இடத்தில் தரையில் கறை தெரிந்தது. பார்த்தால் புடவையின் வலதுபக்க இடுப்பு நனைந்திருந்தது. உங்கள் அம்மா தெருக்கதவைச் சாத்தினாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் விடாமல் நாடாவைத் தளர்த்திப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். ஒரு நிமிஷ வேலை.

சாயங்காலம் நான் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தாள்.

“ஏங்க, அந்தம்மாவுக்கு இன்னா மருந்து குடுத்துகினு கீறீங்க?”

“அரிப்புக்கு ஒரு களிம்பு. ஏன்?”

“அரிப்பா அது? என் உள்ளங்கை அளவுக்குப் புண்ணு. ஓரமெல்லாம் காலிபிளவர் மாதிரி தடிச்சிகினு கீது. பஞ்ச எடுத்தா ரத்தம் வருது. வலிக்கலியாம்மான்னு கேட்டா, வலிக்கலயே, அதான் வுட்டுட்டேன்றாங்க. நீங்க ஒரு தபாவாவது பாத்தீங்களா?”

“நான் எப்டி பாக்கறது? பொம்பளயாச்சே. இடுப்பாச்சே.”

“அப்ப மருந்து மட்டும் எப்டி குடுத்தீங்க?”

நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

பெரியவளே, மறுநாள் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு உங்கள் அம்மாதான் அவரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கடையை விட்டு வர முடியாது என்று நான் போகவில்லை. கடையை ஒரு மணி நேரம் யாரிடமாவது விட்டுவிட்டுப் போயிருக்க முடியும். அங்கே என்ன களிம்பு, யார் கொடுத்தது என்று கேட்டுவிடுவார்களே என்று பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். பார்த்தவுடன் துளிச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். தோல் புற்றுநோய் என்று வந்தது. அந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னதை உங்கள் அம்மா எனக்கு அப்படியே சொன்னாள். ஒரே இடத்தில் வருஷக்கணக்காகக் கயிறு அறுத்துக்கொண்டே இருந்தால் தோல் முதலில் கறுக்கும், செதில் விடும், தடிக்கும், வெடிக்கும். புண்ணாகும், ஆறும், மறுபடி புண்ணாகும். எல்லாருக்கும் இப்படி ஆகாது. சில பேருக்கு ஒரு நாள் அந்தப் புண் ஆறாமல் நின்று வேறாக மாறிவிடும். கறுத்த தோலுக்குத் தோல் புற்றுநோய் வராது, அது வெள்ளைக்காரர்கள் வியாதி என்று நம் ஜனங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குறைவுதான், ஆனால் வரும். வெள்ளைக்காரர்களுக்கு வெயிலில் வருகிறது என்றால், நமக்குப் பல சமயம் யாரும் பார்க்காத இடத்தில் வருகிறது. உள்ளங்காலில் வரும், நகத்தடியில் வரும், பழைய தீக்காயத் தழும்பில் வரும், இப்படி நாடா கட்டுகிற இடத்திலும் வரும். வலிக்காது. வலிக்காததால்தான் விட்டுவிடுகிறோம்.

“ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா இந்த இடத்தை மட்டும் வெட்டி, தையல் போட்டு அனுப்பியிருப்போம்” என்றாராம்.

ஒரு வருஷம் முன்னால் அவர் வந்திருந்தார். என்னிடம் வந்திருந்தார்.

மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சுற்றிலும் நல்ல தோலையும் சேர்த்து வெட்டி எடுத்து, தொடைத் தோலை உரித்து அங்கே ஒட்டினார்கள். தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. நோய் அங்கேயும் போயிருந்ததால் அதையும் எடுத்துவிட்டு, கரண்டு வைத்தார்கள், அதாவது கதிர்வீச்சு கொடுத்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நெறியை எடுத்த பக்கம் கால் வீங்கத் தொடங்கியது. அது இனிமேல் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மாசத்துக்கு ஒரு தடவை குளிக்கும்போது உடம்பை முழுக்கப் பாருங்கள். உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள், விரல் இடுக்கு, நகம் எல்லாம் பாருங்கள். முதுகை இன்னொருத்தரைப் பார்க்கச் சொல்லுங்கள். புண் என்றால் ஒரு மாசத்துக்குள் ஆற வேண்டும். ஆறாவிட்டாலும், ஆறின இடமே திரும்பத் திரும்ப வெடித்தாலும், லேசாகப் பட்டால்கூட ரத்தம் வந்தாலும் டாக்டரிடம் போங்கள். ஒரு மச்சம் புதிதாக வந்து வளர்ந்தாலும், இருந்த மச்சம் ஓரம் கோணலாகிப் பெரிதானாலும், ஒரே மச்சத்தில் இரண்டு மூன்று நிறம் தெரிந்தாலும், நகத்தில் கறுப்புக் கோடு விழுந்து அகலமானாலும் அப்படித்தான். முக்கால்வாசி ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லட்டும், நீங்களாகச் சொல்லிக்கொள்ளாதீர்கள். பெரியவளே, நாடாவை அகலமாக வைத்துத் தைத்துக்கொள், இடத்தை மாற்றி மாற்றிக் கட்டு, வீட்டுக்கு வந்ததும் தளர்த்திவிடு. சின்னவனே, அரைஞாண் கயிறு உனக்கும் இருக்கிறது, அது சதையில் பதியக் கூடாது. கிரிக்கெட் ஆடப்போனால் மத்தியான வெயிலில் தொப்பி போடு, முழுக்கைச் சட்டை போடு. காட்டக் கூச்சமாக இருக்கிற இடம் என்றால், அதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

நாலைந்து மாசம் கழித்து அவர் கடைக்கு வந்தார். மூட்டை பாதியாகியிருந்தது. வலது காலை இழுத்து இழுத்து வைத்தார். புடவைக்குக் கீழே பாதம் பொதபொதவென்று வீங்கியிருந்தது, செருப்பின் வாரை அறுத்துவிட்டுப் போட்டிருந்தார். எனக்கு உள்ளே போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. அவர் கவுண்டரில் ஒரு பொட்டலத்தை வைத்தார். புது லுங்கி.

“இது உனுக்கு. நல்ல நூலு, சாயம் போவாது.”

“எனக்கு எதுக்கும்மா?”

“எதுக்கா? அத்தினி நாளு உன் மருந்தாலதான தாக்குப் புடிச்சேன். மெட்ராசுல டாக்டருங்க கேட்டாங்க, இன்னா களிம்பு போட்ட, எந்தக் கடையில வாங்கினேன்னு. பேரு தெரியாது சாமி, கடை தெரியாது சாமின்னுட்டேன். நல்லது செஞ்ச புள்ள, உன் பேர இன்னாத்துக்கு அங்க இழுக்கணும்?”

நான் லுங்கியை வாங்கிக்கொண்டேன். வாங்கியிருக்கக் கூடாது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கடையில் ஆள் இருக்கிறது, அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். “உடம்பப் பாத்துக்கம்மா” என்று மட்டும் சொன்னேன்.

அப்புறம் என்று நான் தள்ளிவைத்தது இரண்டு மாசத்தில் என் கடை வாசலுக்கே வந்தது.

ஒரு நாள் முற்பகல், மூட்டைக்காரம்மா இன்னொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் ஊர்ப்பக்கத்துப் பெண், நாற்பது வயதுக்குள் இருக்கும், கழனி வேலைக்குப் போகிறவள். கவுண்டருக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார வைத்து, அவளுடைய காலைத் திருப்பி எனக்குக் காட்டினார். குதிகாலை ஒட்டி உள்ளங்காலில் கறுப்பாக ஒரு திட்டு. ஓரம் ஒரு பக்கம் வழிந்த மாதிரி கோணலாக இருந்தது. நடுவில் கருநீலம், ஒரு ஓரத்தில் பழுப்பு.

“மச்சம்தாங்க” என்றாள் அந்தப் பெண். “உள்ளங்கால்ல மச்சம் இருந்தா ஊரு ஊரா சுத்துவன்னாங்க. நான் எங்க சுத்தறேன், கழனிக்கும் வூட்டுக்கும்தான் சுத்தறேன். இப்ப கொஞ்ச நாளா பெரிசாகிகினே வருது, அரிக்குது. போன வாரம் ரத்தம் வந்துது.”

“எனுக்குக் குடுத்தியே நைனா, அதே களிம்ப இவளுக்குக் குடு” என்றார் மூட்டைக்காரம்மா. “இவளுக்கு ஆஸ்பத்திரின்னா பயம். நான் சொன்னேன், நம்ம நைனா கிட்ட வா, பாத்துக்குவான்னு.”

களிம்பு என் முதுகுக்குப் பின்னால் ரேக்கில் இருந்தது. கொடுக்கக் கூடாது என்று தெரிந்தது. ஏன் கொடுக்கக் கூடாது என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கடையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

“ஸ்டாக் இல்லம்மா” என்றேன்.

“எப்ப வரும்?”

“தெரியல.”

“சரி, அடுத்த வாரம் இட்டுகினு வரேன். இல்லாங்காட்டி வேற கடையில அதே பேரு சொல்லி வாங்கிக்கறோம். பேர எழுதிக் குடு.”

“பேரு ஞாபகம் இல்லம்மா.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, “வாடி, பஸ்ஸு பூடும்” என்று அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து எழுப்பினார். இரண்டு பேரும் சாலையைக் கடந்து போனார்கள். மூட்டைக்காரம்மா வீங்கின காலை இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பெண் நன்றாகத்தான் நடந்தாள், அவளுக்கு வலிக்கவில்லை.

கவுண்டரில் நின்றவர் இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பதில் சொல்லாமல் கவுண்டர் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே ஓடினேன். பள்ளிப்பட்டு பஸ் இன்ஜின் போட்டுவிட்டது. இரண்டு பேரும் கடைசி சீட்டுக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க நின்றேன்.

“இன்னா நைனா, ஞாபகம் வந்துட்சா?”

“அம்மா, களிம்பு இருக்குது. ஸ்டாக் இல்லன்னு பொய் சொன்னேன். அத இவங்களுக்குப் போடக் கூடாது. உங்களுக்கும் போட்டிருக்கக் கூடாது.”

அவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். பஸ்ஸில் எல்லாரும் திரும்பினார்கள். இப்போது நிறுத்தினால் இனி எப்போதும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. நிறுத்தாமல் சொன்னேன்.

“அது அரிப்பத்தான் அமுக்குச்சு. நோவு உள்ள வளந்துகினே இருந்துது. நீங்க பாக்கச் சொன்னப்ப நான் பாத்திருக்கணும், இல்லாட்டி ஆஸ்பத்திரிக்குப் போன்னாவது சொல்லியிருக்கணும். அப்பவே போயிருந்தா அத மட்டும் வெட்டி அனுப்பியிருப்பாங்க. உங்க காலு இப்டி ஆயிருக்காது. எனக்கு வாடை வந்துது. வந்தும் நான் சொல்லல. ஓனர் ஒன்னும் சொல்லல, மூட்டைய நான்தான் வெளிய வெக்கச் சொன்னேன். இவங்க காலு அந்த மாதிரி ஆவக் கூடாது. இன்னிக்கே காட்டுங்க. தயவு பண்ணுங்க.”

கண்டக்டர், “இன்னாப்பா, எறங்கறியா, டிக்கெட்டு எடுக்கறியா?” என்றார். அந்தக் கழனிப் பெண், “இன்னா சொல்றாரு இவரு?” என்று மூட்டைக்காரம்மாவைக் கேட்டாள்.

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். முதல் தடவை பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

“எறங்கு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“நீதானக்கா களிம்பே போதும்னு சொன்ன?”

“சொன்னேன். எறங்கு.”

நான் மூட்டையை எடுக்கக் கை நீட்டினேன். அவரே எடுத்துக்கொண்டார்.

“நானும் கூட வரேம்மா” என்றேன்.

“நீ வேணாம்.”

அவர் எத்தனையோ பேரிடம் எவ்வளவோ பேசிக் கேட்டிருக்கிறேன், அந்தக் குரலில் யாரிடமும் பேசிக் கேட்டதில்லை. அதில் கோபம்கூட இல்லை. நைனா என்ற சொல்லும் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு இருந்தது மச்சத்தில் வருகிற புற்றுநோய். அது பொல்லாத வகை என்றார்கள். ஆனால் மேல்தோலிலேயே இருக்கும்போது பிடித்துவிட்டார்கள். நெறி எதுவும் எடுக்கவில்லை. திட்டை மட்டும் சுற்றிலும் வெட்டி எடுத்து, தோல் ஒட்டி அனுப்பினார்கள். அடுத்த நடவுக்குக் கழனியில் இறங்கினாள் என்று கேள்விப்பட்டேன். நான் அந்த மாசமே மருந்துக் கடை வேலையை விட்டேன். அங்கே இருந்தவரைக்கும் எத்தனை பேருக்கு அந்தக் களிம்பைப் பார்க்காமல் கொடுத்திருப்பேன் என்று இப்போதும் யோசித்துப் பார்ப்பேன். மூட்டைக்காரம்மா சொன்னாங்க என்று பஸ்ஸில் வந்து இறங்கினவர்களின் முகங்கள் எனக்கு ஞாபகம் இல்லை. அவர்களைத் தேடிப்போய்ச் சொல்ல எனக்கு வழியும் இல்லை.

மூட்டைக்காரம்மா இருக்கிறார். ஊரோடு தையல் மிஷின் போட்டு உட்கார்ந்துவிட்டார். நாடாவை நாலு விரல் அகலத்துக்கு வைத்துத்தான் பாவாடை தைக்கிறார், மெல்லிசு வேண்டும் என்று கேட்கிறவர்களுக்குத் தைப்பதே இல்லை என்று உங்கள் அம்மா சொன்னாள். அவள் வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். இந்த வருஷம் அவள் கிளம்பியபோது, நானும் ஒரு முறை வந்து பார்க்கலாமா என்று கேட்டு வா என்றேன்.

சாயங்காலம் திரும்பி வந்தாள். கேட்டாயா என்றேன். கேட்டேன் என்றாள். அவர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

“நல்லா இருக்கட்டும்னு சொல்லு. வர வேணாம்னு சொல்லு.”

நான் போகவில்லை.